எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு ராத்திரி

9

எட்டுப் பெட்டிகளோடு அமெரிக்காவிலிருந்து வந்து இறங்கிய தம்பி குடும்பத்துக்கு இது ஐந்தாம் நாள். சந்திரனின் பாஸ்போர்ட் ஜீப் சீட்டுக்கு அடியில் ஜாக்கியோடு படுத்திருப்பதற்கு இது பத்தாம் நாள். முதல் விஷயம் சித்தூர் பக்கத்துச் சின்னமேட்டில் எல்லோருக்கும் தெரியும். இரண்டாவது விஷயம் சந்திரனுக்கும் அவன் பெண்டாட்டி செங்கம்மாவுக்கும் மட்டும் தெரியும். அப்படித்தான் அவன் நினைத்துக்கொண்டிருந்தான்.

குவைத்தில் ஒரு வீட்டுக்கு டிரைவர் வேலை. வியாழக்கிழமை சாயங்காலம் சென்னையில் விமானம். இன்றைக்குச் செவ்வாய்.

"மாமா, லிஸ்ட்டை ஒரு தடவை சரி பார்த்துடலாமா?"

தம்பி பெண்டாட்டி பிரீத்தி நோட்டோடு வந்து எதிரில் உட்கார்ந்தாள். சென்னைப் பெண். எதையும் எழுதிவைத்து, முடிந்ததும் பக்கத்தில் ஒரு டிக் போடாவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது. வந்த அன்றே சொல்லிவிட்டாள்: பிரியங்கா எட்டு வயசு வரைக்கும் ஏசி ரூமிலும் காரிலுமே வளர்ந்துவிட்டாள், இந்தத் தடவை முழுக்க முழுக்க வெளியில்தான்.

"கோழிக்கொண்டை மலை ஏர்றது?"

"ஏறலாம். ஆறு மணிக்கு ஏறி எட்டுக்குள்ள எறங்கிடணும். அப்பால பாறை மேல தோசை ஊத்தலாம், அப்பிடி சுடும்."

"ஏரியில பறவை பார்க்கிறது, போட்டிங்?"

"ஏரில தண்ணி இருந்தா நாங்க ஏம்மா எட்நூறு அடிக்கு போர் போடறோம்? பறவைங்களும் எங்கனா போர் போட்டுக்கினு கீதோ இன்னமோ."

பிரியங்கா சிரித்தாள். பிரீத்தி சிரிக்காமல் ஒரு வரியை அடித்தாள்.

"பம்ப்செட் குளியல்?"

"கரண்டு வந்தா."

"எப்ப வரும்?"

"அது எங்க ஊரு சாமி கெங்கம்மாவுக்கே தெரியாது."

"தலகோனா அருவி, டென்ட் போட்டு ஒரு நைட்?"

"அது இன்னிக்கு. மூணு மணிக்குக் கெளம்பறோம்" என்றான் சந்திரன். இதற்கு மட்டும் அவன் வேடிக்கையாக எதுவும் சொல்லவில்லை.

பிரீத்தி அதைச் சனிக்கிழமைக்குத்தான் எழுதியிருந்தாள். செவ்வாய்க்கு மாற்றியவன் சந்திரன். அதற்கு அவன் சொன்ன காரணம் பொய் இல்லை. ஊரில் கெங்கம்மா ஜாத்திரை, எட்டு நாள் திருவிழா. இன்றைக்கு ராத்திரி ஏழு மணிக்குச் சாட்டிம்பு, அதாவது பறை அடித்து ஜாத்திரையை அறிவிப்பார்கள். அந்த ராத்திரி ஊர் எல்லைக்குள் தலை சாய்த்தவர் எவரும், எட்டாம் நாள் அம்மனை எல்லைக்கு வெளியே அனுப்பிவைக்கும் வரை வேறு ஊரில் தூங்கக் கூடாது. பகலில் எங்கே வேண்டுமானாலும் போகலாம். இருட்டும் நேரத்துக்கு வீடு திரும்பிவிட வேண்டும்.

"இன்னிக்கு ராத்திரி நாம வெளிய படுத்துட்டா யாரையும் கட்டுப்படுத்தாது. நாளைக்குத் திருப்பதி, நாளான்னிக்குத் திருமலைன்னு நிம்மதியா சுத்தலாம்" என்று விளக்கியிருந்தான்.

"சூப்பர் கஸ்டம் மாமா" என்று பிரீத்தி அதையும் நோட்டில் எழுதிக்கொண்டாள்.

தனக்கும் அந்த ராத்திரி எல்லைக்கு வெளியே இருந்தாக வேண்டும் என்பதைத்தான் அவன் சொல்லவில்லை. நாளைக்குச் சாயங்காலம் இவர்களைத் திருப்பதி லாட்ஜில் இறக்கிவிட்டு, அங்கேயே விஷயத்தைச் சொல்லி, ஜீப்பை முதலாளி வேதாச்சலத்தின் வீட்டில் நிறுத்திவிட்டுச் சென்னை பஸ் ஏறிவிடுவான். அம்மாவுக்குப் போனில் சொல்லிக்கொள்ளலாம். போனில் யாரும் வழியை மறிக்க முடியாது.

இருபது வருஷத்துக்கு முன்னால் அம்மா கமலம்மா அதைத்தான் செய்தாள். அப்போது அவனுக்கு இருபத்து நாலு வயசு. பம்பாய்க்குப் போய் அங்கிருந்து வளைகுடாவுக்கு ஏறிவிடலாம் என்று ஒரு ஆள் அழைத்துப்போக வந்திருந்தான். கமலம்மா மூன்று நாள் சோறு தின்னாமல் வாசலுக்குக் குறுக்கே படுத்துவிட்டாள். சந்திரன் நின்றுவிட்டான். கூடப் போக இருந்த அப்பாவு போனான். சந்திரன் திருப்பதி ஸ்டேஷனிலிருந்து திருமலைக்குப் பக்தர்களை ஏற்றும் வண்டியில் உட்கார்ந்தான். ஏற ஒரு ரோடு, இறங்க ஒரு ரோடு. இருபது வருஷம் வளைவுகளில் ஸ்டீரிங்கை ஒடித்துக்கொண்டே இருந்தான். அப்பாவு லீவில் வரும்போதெல்லாம் ஒன்று சொல்வான்: "அங்க ரோடு எப்பிடின்னா, அரை மணி நேரத்துக்கு ஸ்டீரிங்க ஆட்டவே வேணாம்டா. நேரா போய்க்கினே இருக்கும்."

சம்பளத்தைவிட இந்த ஒரு வாக்கியம்தான் சந்திரனை அரித்தது. இதை வெளியே சொன்னால் சிரிப்பார்கள். அதனால் செங்கம்மாவிடம்கூடச் சம்பளத்தைப் பற்றித்தான் பேசினான்.

மூன்று மணிக்கு டென்ட், தண்ணீர்க் கேன்கள், பாய், புளிசோறு எல்லாம் ஜீப்பில் ஏறின. கமலம்மா ஒரு மூங்கில் கூடையைத் தானே தூக்கிவந்து, துணி போட்டு மூடி, பின் சீட்டுக்கு அடியில் தள்ளினாள்.

"இன்னாம்மா அது?"

"துன்றதுக்கு."

"ஒரு ராத்திரிக்கா?"

"காட்டுல கட கீதா? போடா."

எல்லைக்கல் வரைக்கும் அவளும் ஜீப்பில் வந்தாள். வேப்பங்கொத்து சொருகிய கல்லுக்குப் பக்கத்தில் இறங்கினாள். ஆளுக்கொரு வேப்பிலையைத் தலையைச் சுற்றிக் கல்லின் மேல் போடச் சொன்னாள். பிரியங்கா இரண்டு தடவை போட்டாள்.

"நீங்களும் வாங்களேன் அத்தை, டென்ட்ல படுக்கலாம்" என்றாள் பிரீத்தி.

"இந்த ராத்திரி நான் ஊர விட்டுப் போனதில்லம்மா. இவங்க நைனா ஒரு வருசம் இங்க படுத்துட்டு மறுநா ராத்திரி வெளிய போனாரு. வெல்லம் காய்ச்சற எடத்துல போயி படுத்துக்கினாரு. மூணாம் நாளு ரெண்டு வெரலு போச்சு."

"அம்மன் எடுக்கல. கரும்பு மிஷின் எடுத்துச்சு" என்றான் சந்திரன். இது வருஷா வருஷம் நடக்கும் பேச்சு.

"மிஷினு அது வரிக்கும் எடுக்கலியே" என்றாள் கமலம்மா. இதுவும் வருஷா வருஷம் சொல்வதுதான். பிறகு அவன் பக்கம் திரும்பாமலே, "பாத்து ஓட்டு" என்றாள். அது புதிது. ஓட்டுவதைப் பற்றி அவள் அவனிடம் எதுவும் சொன்னதே இல்லை.

சந்திரன் கண்ணாடியில் பார்த்தான். அவள் நின்று கையாட்டவில்லை. கல்லைத் தாண்டி உள்ளே நடந்துபோய்க்கொண்டிருந்தாள்.

பாகாலாவைத் தாண்டித் தாமலசெருவை நெருங்கும்போது பின் டயர் உட்கார்ந்தது. மாங்காய் மண்டிக்கு எதிரில் ரோட்டோரம் நிறுத்தினான். வைக்கோல் பரப்பிய தரையில் குவியல் குவியலாக மாங்காய். லாரிகள் வரிசை. காற்றே புளித்தது. பிரீத்தியும் பிரியங்காவும் மாங்காய்க் குவியலைப் பார்க்க இறங்கினார்கள்.

"நான் மாத்தறேண்ணா. டல்லாஸ்ல எல்லாம் நாமளேதான் மாத்திக்கணும்" என்று ஹரிபாபு பேன்ட்டை மடித்துக்கொண்டான்.

சந்திரன் முன் சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்கக் கல் தேடிப் போனான். நல்ல கல்லாக ஒன்று கிடைத்துக் கையில் எடுத்த பிறகுதான் அவனுக்கு உறைத்தது. ஜாக்கி எங்கே இருக்கிறது, அதோடு வேறு என்ன இருக்கிறது.

"டேய் ஹரி, இரு, நானே எடுக்கறேன்!"

ஹரிபாபு நிமிர்ந்தான். ஒரு கையில் ஜாக்கி. இன்னொரு கையில் பிளாஸ்டிக் கவர்.

"இன்னாண்ணா இது?"

"பாஸ்போர்ட்டு. உன்னாண்ட கூட ஒண்ணு கீதே."

"வியாழக்கிழமை டிக்கெட்டு."

"படிக்கத் தெரியுது."

"அப்போ டென்ட், அருவி, செவ்வாய்க்கிழமை..."

"வெளிய சுத்தணும்னீங்க. சுத்திக் காமிக்கறேன். எனக்கும் சுத்தணும்."

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"திருட்டுத்தனமா போறியா? உனக்கே நல்லா கீதா? அம்மாவ யாரு பாப்பாங்க?"

சந்திரன் கல்லைச் சக்கரத்துக்கு முன்னால் வைத்துக் காலால் உதைத்து இறுக்கினான். "நீ போறப்ப இந்தக் கேள்விய நான் உன்னக் கேட்டனா?"

ஹரிபாபு ஜாக்கியைக் கீழே வைத்தான். பதினோரு வருஷத்துக்கு முன்னால் திருப்பதியில் கம்ப்யூட்டர் படித்து முடித்த கையோடு அவன் கிளம்பியபோது, அவனை மீனம்பாக்கம் வரைக்கும் கொண்டுபோய் விட்டது சந்திரன்தான். வழி நெடுக அம்மா அழுதாள். ஆனால் வாசலுக்குக் குறுக்கே படுக்கவில்லை. மூத்தவன் இருக்கிறான் என்ற தைரியம்.

"ஜீப்பத் திருப்புண்ணா" என்றான் ஹரிபாபு. "இப்ப நாலரை. ஏழுக்குள்ள போயிடலாம். அம்மாகிட்ட நேரா சொல்லு."

"போனா உள்ள மாட்டிக்குவேன். எட்டு நாளு. அந்த வீட்டுக்காரன் வேற ஆளப் பாத்துப்பான். எனக்கு நாப்பத்தி நாலு. இனிமே எவன் கூப்புடுவான்?"

"நீதான் இதெல்லாம் நம்பறதே இல்லியே. மிஷினுதான் எடுத்துச்சுன்னு சொல்றவன். சாட்டிம்பு அடிச்சா அடிச்சுட்டுப் போகட்டும். மறுநாள் கெளம்பிப் போயேன், யாரு கேக்கறா?"

சந்திரன் வீல் நட்டுகளைத் தளர்த்த ஆரம்பித்தான். நாலாவது நட்டில்தான் பேசினான்.

"நான் நம்பல. அம்மா நம்புது. நான் அங்க வண்டி ஓட்டிக்கினு கீறப்ப, அது இங்க குந்திக்கினு தெனைக்கும் என் வெரல எண்ணிக்கினு கெடக்கும். ஒரு போன் ரெண்டு நாளு லேட்டாச்சுன்னா செத்துடும். அது வேணாம். அதுக்குத்தான் வெளிய படுக்கறேன்."

ஹரிபாபு கவரை மெதுவாகச் சீட்டின் மேல் வைத்தான்.

"மாமா" என்று பிரீத்தியின் குரல் ஜீப்புக்கு உள்ளேயிருந்து வந்தது. மண்டியிலிருந்து திரும்பி வந்து, மகளுக்குத் தின்ன ஏதாவது எடுக்கலாம் என்று கூடையைத் திறந்திருந்தாள். "ஒரு நைட்டுக்கு எதுக்கு அத்தை இவ்ளோ பெரிய டின் குடுத்திருக்காங்க?"

கூடையில் முறுக்கு ஒரு பொட்டலம். அதற்கடியில் பழைய செய்தித்தாள். அதற்கடியில் ஐந்து கிலோ பிடிக்கும் தகர டின். மூடியைச் சுற்றி ஈயம் வைத்துப் பற்றவைத்திருந்தது. வளைகுடாவுக்குப் போகிறவர்கள் ஊறுகாய் டின்னைச் சித்தூர் கடைத்தெருவில் கொடுத்து இப்படித்தான் அடைத்து வாங்குவார்கள். எண்ணெய் ஒழுகினால் விமானத்தில் பெட்டியைத் தள்ளிவிடுவார்கள் என்று பயம். டின்னின் மேல் பற்றவைத்தவனே பெயின்டால் தெலுங்கில் எழுதியிருந்தான். பிரீத்திக்கு அது படிக்கத் தெரியாது. அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் தெரியும்.

சந்திரன். குவைத்.

சந்திரன் ஸ்பானாவைக் கீழே வைத்துவிட்டுத் தம்பியின் போனை வாங்கினான். செங்கம்மாவின் நம்பரை அழுத்தினான். எடுத்தது அம்மா.

"எங்க கீறீங்க?"

"தாமலசெருவாண்ட. யம்மா, இந்த டின்னு..."

"புது ஆவக்கா. ஒரு மாசம் தொறக்காத. ஊறணும்."

"உனக்கு யாரு சொன்னது? செங்கம்மாவா?"

"அவ எங்க சொல்றா. நீ கட்டிக்கினது நல்ல பொண்ணு. மூணு மாசத்துக்கு முந்தி பாஸ்போர்ட்டு விசாரிக்க போலீசு வந்தான்ல, நீ சவாரி போயிருந்த. அவ கயனில இருந்தா. அவனுக்கு டீ போட்டுக் குடுத்தது நானு. உன் பையன் நல்லவனான்னு கேட்டான். நல்லவன்தான், வாய்தான் தொறக்க மாட்டான்னு சொன்னேன். எழுதிக்கினு போனான்."

சந்திரன் போனை மறு காதுக்கு மாற்றினான். மண்டியில் யாரோ ஏலம் கூவிக்கொண்டிருந்தான்.

"ஏம்மா என்கிட்ட சொல்லல?"

"நீ சொன்னியா?"

"நீ திரும்பவும் படுத்துக்குவியோன்னு..."

"ஒரு தபா படுத்தேன். நின்ன. இருவது வருசமா மூஞ்சத் தூக்கி வெச்சிக்கினே நின்ன. அப்பிடி நிக்கறவன வெச்சிக்கினு நான் இன்னா பண்ணட்டும்? பூஜையா பண்ணட்டும்? எனக்குக் கை காலு கீது. செங்கம்மா கீறா. போயிட்டு வா."

அவள் குரலில் ஈரம் இல்லை. திட்டுகிற மாதிரிதான் இருந்தது. அது அவனுக்கு உதவியாக இருந்தது.

"ஹரி பக்கத்துல கீறானா? குடு அவன்கிட்ட."

ஹரிபாபு போனை வாங்கிக்கொண்டு மாங்காய் லாரிகளின் பக்கம் நடந்தான். சந்திரன் ஸ்டெப்னியை மாட்டி, நட்டுகளை இறுக்கி, ஜாக்கியை இறக்கினான். அத்தனை நேரமும் தம்பி போனில் கேட்டுக்கொண்டேதான் இருந்தான். "ம்" என்றான். இன்னொரு "ம்." கடைசியில், "சரிம்மா."

திரும்பி வந்தவன் முகத்தில் எதுவும் தெரியவில்லை. தோள்பையை எடுத்துக்கொண்டான்.

"நான் சித்தூர் பஸ் புடிச்சு ஊருக்குப் போறேன். ஏழுக்குள்ள எல்லைக்குள்ள போயிடுவேன்."

"இன்னாத்துக்கு?"

"ஒரு பையனாவது உள்ள படுக்கணும்ல."

"டேய், படுத்தா எட்டு நாளு. உன் ஃப்ளைட்டு திங்கக்கெழம. நடுவுல மாட்டுது."

"மாத்திக்கலாம்."

"பஸ் சீட்டா மாத்திக்கறதுக்கு? அம்மா இன்னா சொல்லிச்சு உன்கிட்ட?"

"ஒண்ணும் இல்லண்ணா."

சந்திரன் பிரீத்தியைப் பார்த்தான். லிஸ்ட் போட்டு வாழ்கிறவள். கணவன் எட்டு நாள் திட்டத்தை ரோட்டோரத்தில் கிழித்துப் போடுகிறான். ஒரு வார்த்தை கேட்பாள் என்று எதிர்பார்த்தான். அவள் நோட்டைத் திறக்கவே இல்லை. "இவ டென்ட் டென்ட்னு ஒரு மாசமா உயிரை வாங்கறா. நாங்க மாமாவோட போறோம். நீங்க போங்க ஹரி" என்றாள். பிறகு அவன் சட்டைக் காலரைச் சரிசெய்தாள். ஊருக்கு ஒரு ராத்திரி போகிறவனுக்குச் செய்கிற மாதிரி இல்லை அது.

பஸ் வந்தது. மாங்காய்க் கூடைகளுக்கு நடுவில் ஒரு காலை வைக்க இடம் பிடித்து ஹரிபாபு தொங்கிக்கொண்டு போனான். டல்லாஸ்காரன் மாதிரி இல்லை. பதினெட்டு வயசில் திருப்பதிக்குப் படிக்கப் போனவன் மாதிரி இருந்தான்.

தலகோனாவில் காட்டு பங்களாவுக்குப் பின்னால் இடம் கிடைத்தது. காவலாளி முனியப்பன் சந்திரனுக்குப் பழக்கம். குரங்குகளுக்குப் பயந்து சாப்பாட்டை ஜீப்பிலேயே வைக்கச் சொன்னான். அருவியின் சத்தம் மட்டும் மரங்களுக்குள்ளிருந்து வந்தது. வெளிச்சம் குறைந்துகொண்டிருந்தது. போனில் ஒரு கோடு சிக்னல்கூட இல்லை.

பிரியங்காதான் டென்ட்டை விரித்தாள். எந்தக் கம்பி எந்தத் துளையில் போகும் என்று அவளுக்கு மனப்பாடம். சந்திரன் ஒரு கல்லை எடுத்து முளை அடித்தான்.

"பெரியப்பா, இப்ப அங்க டிரம் அடிச்சிருப்பாங்களா?"

அவன் வாட்ச்சைப் பார்த்தான். ஏழுக்கு ஐந்து. "இன்னும் அஞ்சு நிமிஷம்."

"டாடி உள்ள போயிருப்பாரா?"

"பஸ்ஸு நேரத்துக்குப் போயிருந்தா போயிருப்பான்."

"அப்போ எட்டு நாள் டாடி வேற எங்கயும் தூங்கக் கூடாது."

"ஆமா. நீங்க திரும்பிப் போற ஃப்ளைட்டத்தான் மாத்தணும்."

"எந்த ஃப்ளைட்?"

"திங்கக்கெழம ஃப்ளைட்டு. அமெரிக்காவுக்கு."

பிரியங்கா முளையைப் பிடித்துக்கொண்டே அவனை நிமிர்ந்து பார்த்தாள். பெரியவர்களுக்கு எத்தனை தடவை சொன்னாலும் புரியாது என்கிற பார்வை.

"எங்களுக்குத் திரும்பிப் போற டிக்கெட்டே இல்லையே பெரியப்பா. டாடி ஆபீஸ்ல போன வருஷமே எல்லாரையும் அனுப்பிட்டாங்க. பாட்டிகிட்ட டாடி நேத்தே சொல்லிட்டாரே."

டென்ட்டின் மறுபக்கத்தில் பிரீத்தி கயிற்றை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தாள். கை நின்றது. அவள் மறுக்கவும் இல்லை, மகளை அதட்டவும் இல்லை.

பத்து நாள் லீவுக்கு எட்டுப் பெட்டி. ஐந்து நாளாகத் தன் கண்ணெதிரில்தான் இருந்தன. தினமும் அவற்றைச் சுற்றிக்கொண்டுதான் அவன் பாயை விரித்தான்.

"போயிட்டு வா" என்று அம்மா சொன்னாளே, அது தன்னை விடுவித்துச் சொன்னதா, இல்லை வீட்டில் இனிமேல் ஒரு சம்பளம் வந்தாக வேண்டும் என்று அனுப்பிவைத்துச் சொன்னதா? கேட்க வேண்டுமென்றால் சிக்னல் இருக்கும் இடத்துக்குப் போக வேண்டும். நேரில் கேட்க வேண்டுமென்றால் எல்லைக்கல்லைத் தாண்ட வேண்டும்.

"பெரியப்பா, அடிங்க" என்றாள் பிரியங்கா. "முளை ஆடுது."

மணி ஏழு. சந்திரன் கல்லை ஓங்கினான்.